மண்ணுக்கு அஞ்சிய காலம்

"சேர், மையித்தை அடக்கினா தண்ணியில கொரோனா கலக்குமா?"

2020இன் இறுதியில் கொஸ்லந்தையில் என் மாணவனொருவன் இப்படிக் கேட்டான். அவனை ஏச மனம் வரவில்லை. நாடே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது.

நோய்க்கு அஞ்சியதில் தவறில்லை. முகக்கவசம் அணிந்ததும் இடைவெளி பேணியதும் அந்த அச்சத்தால்தான். ஆனால், உயிரோடிருப்பவரின் மூச்சில் பரவிய நோயைப் பற்றிய அச்சம், இறந்தவரின் கப்றை நோக்கித் திரும்பியதே விபரீதம்.

கொவிட்டால் இறந்தவரை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே கூறியிருந்தது. இலங்கையோ ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானியால் தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுறும் என்றார்கள். டிசம்பரில், பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையொன்றும் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரைச் சொன்னார்கள்.

2021 பெப்ரவரியில் அந்த விதி மாறியது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. ஓராண்டில் அங்கு அடக்கப்பட்ட மூவாயிரத்துக்கு மேற்பட்டோரில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். தோட்டத்து மக்களிடையேயும் இறந்தோரை அடக்கும் வழக்கம் உண்டல்லவா? 2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. எரிந்தவை எரிந்தவைதான்.

அன்று அந்த மாணவனுக்குப் பதிலாக மீரியபெத்தையை நினைவூட்டினேன். அங்குள்ள சரிவு ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. லயங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து அவற்றை மூடியது. தப்பியவர்கள் பாடசாலைகளில்தான் தஞ்சமடைந்தார்கள்.

அளந்து சொல்லப்பட்ட ஆபத்துக்கு அன்று நாம் அஞ்சவில்லை. அளக்காமல் சொல்லப்பட்ட ஆபத்துக்கோ ஒரு சமூகத்தின் மையித்துகளையே விலையாகக் கொடுக்கவைத்தோம். இந்த இரண்டையும் ஒரே பாடமாகவே நான் படிப்பிக்கிறேன்.

"அப்ப பயப்படக்கூடாதா, சேர்?" என்றான் அவன்.

"பயப்படு. ஆனா யாரு, எதை அளந்து பார்த்துச் சொன்னாங்கன்னு முதல்ல கேளு" என்றேன்.