கிற்றாரில் இருந்த யானை

கிற்றார் வாங்கப் போனால் எல்லாரும் பலகையைப் பார்ப்பினம், கம்பியைத் தட்டிப் பார்ப்பினம். கம்பியின் இரண்டு முனையிலும் கிடக்கிற சின்ன வெள்ளைத் துண்டுகளை ஆரும் கவனிக்கிறேல்லை. கழுத்தின் மேல்நுனியில் இருப்பது நட். கீழே பிரிட்ஜில் செருகியிருப்பது சாடில். கம்பியின் அதிர்வு மேற்பலகைக்கு இறங்குவது இந்தச் சாடில் வழியாகத்தான். கிளாசிக்கல் கிற்றாரில் அதன் நீளம் ஏறத்தாழ 80 மில்லிமீற்றர் மட்டும். அந்தத் துண்டுக்குப் பின்னால் ஒரு யானையின் கதை இருக்கு.

17ஆம் நூற்றாண்டு பரோக் கிற்றார்களில் தனியான சாடில் இல்லை. குடலில் திரித்த நரம்பை மரப் பிரிட்ஜில் நேரடியாகக் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அன்டோனியோ டி டொரெஸ் (1817–1892) இன்றைய கிளாசிக்கல் கிற்றாரின் வடிவத்தை நிலைநிறுத்தினார். ஏறத்தாழ 650 மில்லிமீற்றர் கம்பி நீளமும், பிரிட்ஜில் தனியாகச் செருகும் சாடிலும் அந்த வடிவத்தோடு பரவின.

அந்தத் துண்டைச் செய்ய இரண்டு பொருட்கள் இருந்தன: மாட்டெலும்பு, யானைத்தந்தம். தந்தம் நுண்துளை குறைந்தது, அரத்துக்கு இலகுவாக இணங்கும், நல்லா மினுங்கும். விலையும் கூட. அதனால் தந்தம் போட்ட கிற்றார் எண்டால் ஒரு மதிப்பு. "தந்தத்தின்ர சத்தமே வேற" எண்டு சொல்லுறவை இப்பவும் இருக்கினம்.

ஆனால் சாடிலுக்கு உண்மையில் என்ன தேவை? கம்பி வெட்டாத அளவுக்குக் கடினமாக இருக்க வேணும். அடிப்பக்கம் காடியில் இடைவெளி இல்லாமல் உட்கார வேணும். கொழுப்பு நீக்கிக் காயவைத்த மாட்டெலும்பு இதை நல்லாவே செய்யும். சரியாகப் பொருந்தாத தந்தத்தை விட, சரியாகப் பொருந்திய எலும்பு எவ்வளவோ மேல். 1862இல் டொரெஸே முதுகையும் பக்கங்களையும் கடதாசி மட்டையில் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தில் போட்டு ஒரு கிற்றார் கட்டினார். அது இப்போது பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விலை கூடின பொருள் எண்டதுக்காக மட்டும் சத்தம் வராது எண்டது அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு.

எலும்புக்கும் தந்தத்துக்கும் பெரிய வித்தியாசம் வேறொரு இடத்தில் இருக்கு. மாட்டெலும்பு இறைச்சிக்கு வெட்டின பிறகு மிஞ்சுவது. தந்தத்தின் அடிப்பகுதியோ யானையின் மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கிறது. அதை முழுசாக எடுக்க யானையைக் கொல்லுகிறார்கள்.

1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கை ஆசிய யானையின் தந்த வணிகத்தைத் தடுத்தது. 1989இல் ஆபிரிக்க யானைக்கும் அதே பாதுகாப்பைக் கொடுக்க நாடுகள் முடிவெடுத்தன. கள்ளக் கடத்தல் அதோடு நிற்கவில்லை. 2012இல் கொழும்புத் துறைமுகத்தில் ஆபிரிக்காவிலிருந்து வந்த 359 தந்தங்கள் பிடிபட்டன. ஏறத்தாழ ஒன்றரைத் தொன். 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் எல்லோரும் பார்க்க அவற்றை நொறுக்கினார்கள்.

பழைய தந்தம் உள்ள வாத்தியங்களோடு நாடுவிட்டு நாடு போகிற கலைஞர்களுக்கும் கேள்வி வந்தது. அவர்களுக்காக 2013இல் சைட்டிஸ் ஒரு இசைக்கருவிச் சான்றிதழை ஏற்படுத்தியது.

இதற்கிடையில் மாற்றுப் பொருட்கள் பெருகின. கடதாசியையும் துணியையும் பிசினில் அழுத்திச் செய்யும் மைகார்ட்டா, சமையலறை மேடைக்குப் போடும் கோரியன், கனடாவில் செய்யும் டஸ்க். தந்தத்துக்கான ஆங்கிலச் சொல்லைத்தான் அந்தக் கடைசிப் பெயர் எதிரொலிக்குது. எலும்பில் ஒரு இடம் அடர்த்தியாகவும் இன்னொரு இடம் துளையாகவும் இருக்கலாம். செயற்கைப் பொருள் முழுக்க ஒரே சீர். கம்பியும் இதே பாதையில்தான் வந்தது: 1940களில் குடலின் இடத்தை நைலோன் பிடித்தது.

ஆரும் உங்களிட்ட "ஒறிஜினல் தந்தம்" எண்டு ஒரு பழைய சாடிலைக் காட்டினால் வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கோ. சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது எலும்பு. ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் தந்தம். எலும்பு எண்டு தெரிய வந்தால் கவலைப்படாதேங்கோ. உங்கட கிற்றாருக்காக ஒரு யானையும் சாகேல்லை.