புரோபயாடிக் தீவனமும் மானாவாரிக் குளங்களும்: ஒரு சோதனையின் மறுவாசிப்பு

புரோபயாடிக் எனப்படும் உயிருள்ள நுண்ணுயிர் கலந்த தீவனம் நன்னீர் மீனின் வளர்ச்சியைக் கூட்டும் என்பது இன்று கேள்வியின்றி வழங்கும் கருத்து. நெருக்கடியில் மீன் இழக்கும் வளர்ச்சியில் ஒரு பகுதியை அது மீட்டுத் தரலாம் என்பதற்கு மேல் சான்றுகள் இடம் தரவில்லை என்பதே என் வாதம்.

அந்தப் பொதுக் கருத்துக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது, 2003-இல் ‘அக்வாகல்ச்சர்’ இதழில் லாரா-புளோரஸ் குழுவினர் வெளியிட்ட திலேப்பியா ஆய்வு. 40 விழுக்காடு, 27 விழுக்காடு என இரு புரத அளவுகளில் தீவனம் தயாரித்து, ஒவ்வொரு அளவிலும் ஒரு தீவனத்தில் 0.1 விழுக்காடு பாக்டீரியாக் கலவையும் மற்றொன்றில் அதே அளவு ஈஸ்டும் சேர்த்து, ஒன்பது வாரம் குஞ்சுகளுக்கு ஊட்டினர். இவற்றைச் சேர்த்த தொட்டிகளில், சேர்க்காதவற்றைவிட வளர்ச்சி அதிகம். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான்.

சோதனையின் அமைப்போ வேறு கதை சொல்கிறது. தொட்டியின் நெரிசலும் புரதக் குறைவும் வேண்டுமென்றே சுமத்தப்பட்ட நெருக்கடிகள். மிகச் சிறந்த வளர்ச்சி கிடைத்தது 40 விழுக்காடு புரதத்தோடு ஈஸ்ட் சேர்ந்தபோது. ஆக, புரதத்தின் இடத்தை ஈஸ்டால் நிரப்ப முடியவில்லை. உயிரற்ற ஈஸ்ட் கலந்த தீவனம் ஒப்பீட்டில் இல்லை. ஈஸ்டின் செல்சுவரும் நியூக்ளியோடைடுகளும் தாமே ஊட்டம் தரக்கூடியவை. பயன் உயிருள்ள நுண்ணுயிரால் வந்ததா என்பதை இந்த ஆய்வைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. குடலில் நொதி கூடுகிறதே என்பார்கள். நொதி கூடுவது எடை கூடுவதாகாது.

இனி இதை நம் குளங்களோடு பொருத்திப் பார்ப்போம். சங்கரன்கோவில் வட்டாரக் குளங்கள் பெரும்பாலும் மழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, பங்குனி, சித்திரையில் வற்றிவிடும். நீர் நிறைந்திருக்கும்போது கட்லா மேல்மட்டத்து விலங்கு மிதவை உயிரிகளையும், மிர்கால் அடிமட்டத்து மட்கையும் தின்று வளரும். கண்ணாடித் தொட்டியில் இந்த இரை கிடையாது. இத்தகைய குளங்களில் கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் ஊறவைத்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி மூங்கிலில் தொங்கவிடுவது வழக்கம். அதில் தூவிய புரோபயாடிக் பொடியில் கணிசமான பங்கு மீனின் வாய்க்குப் போகுமுன் நீரில் கரைந்துவிடும் என்றே கருதுகிறேன். நிறைகுளத்தில் பொடிக்குச் செலவிடுவதை விடப் பிண்ணாக்கைக் கூட்டுவது மேல்.

நீர் சுருங்கும் மாசி, பங்குனியில் நிலைமை மாறும். அதே மீன் சிறிய நீரில் நெரிசலாகும், அமோனியா ஏறும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். 2003 ஆய்வின் தொட்டிக்கு நெருங்கிய சூழல் இதுதான். புரோபயாடிக்குக்கு நம் குளங்களில் இடம் உண்டென்றால் இந்தக் கடைசி வாரங்களில்தான் உண்டு.

ஆகவே இனி வரும் ஆய்வுகள் உயிருள்ளது, உயிரற்றது, எதுவும் சேர்க்காதது என மூன்று தீவனங்களை, வற்றும் குளத்திலேயே, அறுவடை வரை ஒப்பிட வேண்டும். அதுவரை மீன்பாசிக் குத்தகைதாரரிடம் இந்தப் பொடியை ஆண்டு முழுவதும் போடச் சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை.