7 கிலோமீட்டர் நடை, தஹான் மலை உயரம்: கனடாவின் ஆக்னஸ் ஏரிக்குப் போகிறவர்கள் அறிய வேண்டியவை

கனடாவின் அல்பெர்ட்டா மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் நடுவே பான்ஃப் தேசியப் பூங்கா உள்ளது. அங்குள்ள லூயிஸ் ஏரியைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. அந்த ஏரிக்கு மேலே, பாறை மலைகளின் மடியில் இன்னொரு சிறிய ஏரி இருக்கிறது. அதுதான் ஆக்னஸ் ஏரி. காட்டு வழியே நடந்து ஏறி, கரையில் உள்ள விடுதியில் தேநீர் அருந்திவிட்டு அன்றைக்கே இறங்கிவிடலாம். போக வர சுமார் 7 கிலோமீட்டர்.

தூரத்தைக் கேட்டுவிட்டு, "பூங்காவில் காலையில் நடக்கிற தூரம்தானே" என்று டி-சட்டையும் சிலிப்பருமாகக் கிளம்பினால் பாதி வழியில் திணற வேண்டியதுதான். இந்தப் பயணத்தில் தூரத்தைவிட உயரத்தையும் குளிரையும்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

உயரம் எவ்வளவு?

லூயிஸ் ஏரியே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,730 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக்னஸ் ஏரியின் உயரம் 2,135 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான தஹான் மலை 2,187 மீட்டர். ஆக, நாம் பல நாள் நடந்து அடைகிற உயரத்தை இங்கே ஒரு காலைப்பொழுதில் தொட்டுவிடுகிறோம்.

காற்று சற்று மெல்லியதாக இருப்பதால், வழக்கமாக நடப்பவர்களுக்கும் சீக்கிரம் மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பு ஏதாவது கையில் எடுத்துச் செல்லுங்கள். இருதய நோயாளிகள் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பாதை எப்படி?

லூயிஸ் ஏரிக்கரையில் உள்ள பெரிய ஹோட்டலைத் தாண்டியதும், வலப்பக்கம் பாதை காட்டுக்குள் ஏறுகிறது. அகலமான, தெளிவான மண் பாதை. ஆனால் ஏற்றம் விடாது. ஸ்புரூஸ், ஃபர் மரங்களின் இடைவெளியில் லூயிஸ் ஏரியின் பச்சை கலந்த நீலம் கீழே தெரியும். பனியாறு அரைத்த பாறை மாவு நீரில் மிதப்பதால்தான் அந்த நிறம்.

முக்கால்வாசித் தூரத்தில் மிரர் ஏரி என்ற குட்டி ஏரி வரும். இங்கே பாதை பிரிகிறது. வலப்பக்கப் பாதையில் ஏறினால், ஓர் அருவியின் பக்கத்தில் மரப்படிகள் இருக்கும். படி ஏறி முடித்தால் எதிரே ஆக்னஸ் ஏரி. ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேநீர் விடுதியின் கதை

கனடாவின் முதல் பிரதமர் ஜான் மெக்டோனல்டின் மனைவி ஆக்னஸின் பெயரே ஏரிக்கு வைக்கப்பட்டது. 1901இல் கனடியன் பசிபிக் ரயில்வே நிறுவனம், நடந்து வருகிறவர்கள் ஒதுங்குவதற்காகக் கரையில் ஒரு குடில் கட்டியது. 1905 முதல் அங்கே தேநீர் பரிமாறப்படுகிறது. இப்போதுள்ள மரக்கட்டை வீடு 1981இல் புதிதாகக் கட்டப்பட்டது.

விடுதிக்குச் சாலை கிடையாது, மின்சாரமும் கிடையாது. பருவத் தொடக்கத்தில் கனமான பொருள்கள் ஹெலிகாப்டரில் வரும். அதன் பிறகு தேவைப்படுவதைப் பணியாளர்கள் முதுகில் சுமந்து ஏறுகிறார்கள். குப்பையையும் அப்படியே கீழே இறக்குகிறார்கள். கொழுந்துக் கூடை சுமந்த குடும்பங்களில் வந்தவர்களுக்கு, அங்கே ஒரு கோப்பைத் தேநீரின் விலை ஏன் அதிகம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், இலை ஊற இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ரொக்கம் எடுத்துச் செல்வது நல்லது.

எப்போது போகலாம்?

விடுதி ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை திறந்திருக்கும். ஜூனில் பாதையில் பனி மிச்சமிருக்கலாம். ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் நடக்க ஏற்றவை, ஆனால் கூட்டமும் அப்போதுதான். செப்டம்பர் பிற்பாதியில் லார்ச் மரங்களின் ஊசியிலைகள் பொன்னிறமாக மாறும். குளிர்காலத்தில் மேல்பகுதியில் பனிச்சரிவு ஆபத்து உண்டு. பழக்கமில்லாதவர்கள் அப்போது போக வேண்டாம்.

கல்கரி நகரிலிருந்து லூயிஸ் ஏரிக்குச் சுமார் 180 கிலோமீட்டர். கோடையில் அங்குள்ள கார் நிறுத்துமிடம் அதிகாலையிலேயே நிரம்பிவிடும். பூங்காவின் சிற்றுந்துக்கு முன்பதிவு செய்வதே சிறந்தது. பூங்கா நுழைவுச் சீட்டும் தேவைப்படலாம்.

கையில் இருக்க வேண்டியவை

• பிடிப்புள்ள காலணி
• மழை, காற்றைத் தடுக்கும் மேலாடை, உள்ளே ஒரு கம்பளி ஆடை. கோடையிலும் அங்கே பனி பெய்யக்கூடும்
• ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், சிற்றுண்டி
• வெயில் களிம்பு, தொப்பி
• கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பான்

விமானத்தில் இந்தத் தெளிப்பானைக் கொண்டுபோக முடியாது. பான்ஃப் அல்லது லூயிஸ் ஏரி கிராமத்துக் கடைகளில் வாங்கலாம். கொசு மருந்துபோல உடம்பில் அடித்துக்கொள்வதற்கல்ல, நெருங்கி வரும் கரடியின் முகத்துக்கு நேரே அடிப்பதற்கு.

விலங்குகளும் நாமும்

அந்தக் காட்டில் கருங்கரடியும் கிரிஸ்லி கரடியும் உண்டு. கூட்டமாக, சத்தமாகப் பேசிக்கொண்டு நடந்தால் அவை பெரும்பாலும் விலகிப் போய்விடும். எதிரே கண்டுவிட்டால் ஓடாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, மெல்லப் பின்வாங்குங்கள்.

விடுதியருகே அணில்கள் மேசைவரை வரும். அவற்றுக்கு ஒரு பிஸ்கட் போடுவதும் சட்டப்படி குற்றம். தேசியப் பூங்காவில் விலங்குகளுக்கு உணவளித்தால் 25,000 கனடிய வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். மனிதர் உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டிய நிலை வருவதால்தான் இவ்வளவு கண்டிப்பு.

திரும்பிவிடத் தயங்காதீர்கள்

பிற்பகலில் இடியும் மழையும் திடீரென்று வரும். எனவே காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். தலைவலி, குமட்டல், நெஞ்சில் இறுக்கம் தோன்றினாலோ, கூட வந்த பெரியவர் சோர்ந்துவிட்டாலோ, அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். மிரர் ஏரிவரை போய் வந்தாலே நல்ல நடைதான். இவ்வளவு செலவழித்து வந்துவிட்டோமே என்ற எண்ணத்தில் யாரையும் வற்புறுத்தி ஏற்றாதீர்கள்.