பசுமைக் கட்டிடமும் பத்திரச் சான்றும்

ஒரு கட்டிடத்தின் சிறப்பைக் கண்ணாற் கண்டு மதிப்பிடுவதே நெடுங்கால வழக்கமாக இருந்து வந்தது. ஆயின் அதன் கதவுக்குரிய மரம் எந்தக் காட்டில் வெட்டப்பட்டது, சுவர்ப்பூச்சில் ஆவியாகும் நச்சுப்பொருள் எவ்வளவு என்பவற்றைக் கண் அறியாது. அவற்றைப் பத்திரமே உரைக்க வேண்டும். ஆதலாற் பசுமைக் கட்டிடச் சான்றிதழின் வரலாறு ஒருவகையிற் பத்திரங்களின் வரலாறே எனலாம்.

1990 இல் பிரித்தானியாவிற் 'பிரீயம்' என்னும் மதிப்பீட்டு முறை தோன்றியது. ஐக்கிய அமெரிக்காவில் 1993 இல் அமைந்த பசுமைக் கட்டிடப் பேரவை, 1998 இல் 'லீட்' முறையைப் பரீட்சார்த்தமாகத் தொடக்கிற்று. தம்புள்ளைக்கு அண்மையில் 1994 இல் திறக்கப்பட்ட, ஜெப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டல் அப்பரீட்சார்த்த முறையின் வெண்கலத் தரத்தைப் பெற்றது. தனக்குப் பின் பிறந்த அளவுகோலால் அளக்கப்பட்ட கட்டிடம் அது.

2000 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மொத்தப் புள்ளிகள் 69. சான்றிதழுக்கு ஆகக் குறைந்தது 26 புள்ளிகள் வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆதாரம் கேட்கப்பட்டது. நிர்மாணக் கழிவில் அரைப்பங்கைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாது மீளப் பயன்படுத்தினால் ஒரு புள்ளி, முக்காற்பங்காயின் இன்னொன்று. கேட்பதற்கு எளிது. ஆனால் வேலைத்தலத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு லொறியின் சுமையும் நிறுக்கப்பட்டு, சென்ற இடமும் பற்றுச்சீட்டும் அன்றன்றே பதியப்படல் வேண்டும். போன லொறியைக் கட்டிடம் முடிந்தபின் நிறுக்க இயலுமா? உப ஒப்பந்தகாரர் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்டால், செய்த நற்செயலும் கணக்கில் ஏறாது. மரத்தின் கதையும் இத்தகையதே: சான்றுபெற்ற காட்டிலிருந்து தச்சனின் கைவரை, மரம் கைமாறிய ஒவ்வொரு படிக்கும் பத்திரத் தொடர்பு அறாதிருத்தல் வேண்டும். இக்கோவைகளைப் பேணுவதே வேலைத்தலத்தில் ஒரு தனித்தொழிலாயிற்று.

இச்சுமை பற்றிய முறைப்பாடுகள் எழவே, 2002 இல் மாதிரிக் கடிதமுறை வந்தது. பொறுப்பான பொறியியலாளரோ கட்டிடக்கலைஞரோ கையொப்பமிட்டு உறுதியுரைத்தால் போதும். தெரிந்தெடுத்த புள்ளிகளுக்கு மாத்திரம் முழு ஆதாரம் கோரப்பட்டது. 2005 ஆம் ஆண்டுப் பதிப்பு, வடிவமைப்புப் பத்திரங்களை முன்னரும் நிர்மாணப் பத்திரங்களைப் பின்னருமாகச் சமர்ப்பிக்க இடமளித்தது.

இவற்றினும் பெரிய குறைபாடு வேறிடத்தில் இருந்தது. சக்திச் சிக்கனம் பற்றிய பத்திரங்கள், கட்டிடத்தில் எவரும் குடிபுகுமுன் செய்யப்பட்ட கணிப்புகளே. 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, சான்றுபெற்ற 121 கட்டிடங்களின் மெய்யான சக்திப் பாவனையை நோக்கியது. சராசரி நுகர்வு தேசிய சராசரியிலும் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைவாயினும், கட்டிடத்துக்குக் கட்டிடம் வேறுபாடு மிகப் பெரிது. கணிப்பைப் பொய்ப்பித்தவையும் பல. 2009 ஆம் ஆண்டுப் பதிப்போ, குறைந்தது ஐந்தாண்டுகளுக்குச் சக்தி, நீர்ப் பாவனைத் தரவுகளை வழங்க இணங்குமாறு நிபந்தனை விதித்தது. இவ்வாறு பத்திரக் கடமை திறப்புவிழாவைக் கடந்தும் நீண்டது.

2010 இல் இப்பேரவைக்கு எதிராக நியூயோர்க்கில் வழக்கொன்றும் தொடுக்கப்பட்டது. வழக்காளிகள் பேரவையின் தொழிற் போட்டியாளர் அல்லர் என்ற காரணத்தால் 2011 இல் அது தள்ளுபடியாயிற்று. சான்றிதழ் கூறுவது மெய்தானா என்ற வினாவுக்குள் நீதிமன்றம் புகவில்லை.