மஹ்பூபுல் ஹக்: மனிதரைக் கொண்டு நாட்டை அளந்தவர்

செல்வம் செல்வந்தர்களுக்கிடையே மட்டும் சுழன்று கொண்டிருக்கலாகாது என்பது திருக்குர்ஆனின் 59ஆம் அத்தியாயம் உணர்த்தும் நெறி. இந்நெறியைப் பள்ளிவாயில்களில் விளக்கியோர் பலர். ஓர் அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே அதனை அவ்வரசின் முன் நிறுத்தியோர் மிகச் சிலர். பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மர்ஹூம் மஹ்பூபுல் ஹக் அச்சிலருள் ஒருவர்.

1934இல் பிறந்த அவர், பிரிவினை நேர்ந்த 1947இல் பதின்மூன்று வயதுச் சிறுவர். எல்லை கடந்து பாகிஸ்தான் சென்ற எண்ணற்ற குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. லாகூர் அரசுக் கல்லூரியில் பொருளியல் பயின்றபின் கேம்பிரிட்ஜ் சென்றார். 1953இல் அங்கே கொல்கத்தாவிலிருந்து வந்த அமர்த்தியா சென்னைச் சந்தித்தார். இரு நாடுகளும் போரிட்ட காலங்களிலும் அறுபடாத நட்பு அது. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பி, திட்டக்குழுவில் சேர்ந்தார்.

அன்றைய ஹக், பிற்காலத்து உலகம் அறிந்த ஹக் அல்லர். 1963இல் அவர் எழுதிய முதல் நூல், ஏழை நாடுகள் முதலில் உற்பத்தியைப் பெருக்க வேண்டும். சமப் பங்கீடு பற்றிய எண்ணங்களை அதுவரை ஒத்திவைக்க வேண்டும் என்று வாதிட்டது. அயூப்கான் ஆட்சியின் பொருளாதாரப் போக்குக்கு அது அறிவுத்துணையாக அமைந்தது. பாகிஸ்தானின் வளர்ச்சி வேகம் அறுபதுகளில் வெளிநாட்டு வல்லுநர்களால் பாராட்டப்பட்டது.

1968ஆம் ஆண்டு ஏப்ரலில், அதே திட்டக்குழுவின் தலைமைப் பொருளியலாளராக இருந்த நிலையில், அவர் ஆற்றிய உரை நாட்டை உலுக்கியது. தொழில்துறைச் சொத்துக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், வங்கித் துறையில் ஐந்தில் நான்கு பங்கும் இருபத்திரண்டு குடும்பங்களின் கையில் குவிந்துவிட்டன என்று அவர் கணக்குக் காட்டினார். ‘இருபத்திரண்டு குடும்பங்கள்’ என்னும் சொற்றொடர் தெருக்களுக்கு வந்தது. அவ்வாண்டின் இறுதியில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. 1969 மார்ச்சில் அயூப்கான் பதவி துறந்தார். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல என்பதால், அனைத்தையும் ஓர் உரையின் மீது ஏற்றுவது மிகையாகும். எனினும், தாம் வகுத்த கொள்கையின் விளைவைத் தாமே எண்ணிப் பார்த்துத் தவறெனப் பகிரங்கமாகக் கூறிய நேர்மை, அதிகாரிகளிடத்தே அரிதினும் அரிது. தன் பிழையை உணர்ந்தவன் அதைத் திருத்தவும் கடமைப்பட்டவன். அவருடைய எஞ்சிய வாழ்நாள் அத்திருத்தமாகவே அமைந்தது.

1970இல் உலக வங்கியில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றிய அவர், அதன் தலைவர் ராபர்ட் மக்னமாராவின் நெருங்கிய ஆலோசகராகவும் விளங்கினார். வறுமையை வளர்ச்சியின் ஓரத்தில் அன்றி நடுவில் வைத்துப் பார்க்க அவ்வங்கி தலைப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1982இல் தாயகம் திரும்பி, ஜெனரல் ஸியாவுல் ஹக்கின் ஆட்சியில் திட்டத்துறையையும் பின்னர் நிதித்துறையையும் ஏற்றார்.

இவ்விடத்தில் வரலாறு அவரை வினவத்தான் செய்யும். அயூப்கானிடம் பணியாற்றி மனம் வருந்தியவர் மற்றுமோர் இராணுவ ஆட்சிக்குத் துணை நிற்கலாமா? உள்ளிருந்தே செய்ய முடியும் என்று அவர் நம்பினார் போலும். கல்விக்கென இறக்குமதிகள் மீது 1985இல் விதிக்கப்பட்ட கூடுதல் வரிக்கு, வஹீயின் முதற்சொல்லான ‘இக்ரஃ’ என்பதே பெயராயிற்று. பெயர் உயர்ந்தது, பாகிஸ்தானின் எழுத்தறிவு அதற்கேற்ப உயரவில்லை. நல்ல நோக்கம் கொண்ட அமைச்சர் ஒருவரால் மட்டும் ஆகக்கூடியது எவ்வளவு குறைவு என்பதற்கு இது சான்று.

1989இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் சிறப்பு ஆலோசகரானபோதுதான் அவருடைய பெரும்பணி கைகூடியது. நாடுகளை மொத்த உற்பத்தியால் தரம்பிரிக்கும் வழக்கத்துக்கு மாற்றாக, மனிதர் எத்தனை ஆண்டு வாழ்கின்றனர், எழுதப் படிக்க அறிவரா, கண்ணியமாக வாழ வருவாய் உண்டா என்னும் மூன்றையும் ஒரே எண்ணில் இணைக்க விரும்பினார். அமர்த்தியா சென் முதலில் தயங்கினார். மனித வாழ்வின் பன்மையை ஓர் எண்ணில் அடக்குவது அவருக்குக் கரடுமுரடான செயலாகத் தோன்றியது. கரடுமுரடுதான், ஆனால் உற்பத்திக் கணக்கும் அத்தகையதே. அதனை வெல்ல அதைப் போன்றே எளிய, ஆயினும் மனிதரைக் காணும் கண்ணுடைய மற்றோர் எண் வேண்டும் என்பது ஹக்கின் விடை. சென் இணங்கினார். 1990இல் முதல் மனித மேம்பாட்டு அறிக்கை வெளிவந்தது.

அவ்வறிக்கையின் அட்டவணை ஒன்று நமக்குத் தனிப் படிப்பினை தருவது. இலங்கையின் தனிநபர் உற்பத்தி 400 டாலர். சராசரி ஆயுள் 71 ஆண்டு. எழுத்தறிவு 87 விழுக்காடு. சவூதி அரேபியாவின் தனிநபர் உற்பத்தி 6,200 டாலர். சராசரி ஆயுள் 64 ஆண்டு. எழுத்தறிவு 55 விழுக்காடு. பதினைந்து மடங்கு செல்வமிருந்தும் ஆயுளிலும் கல்வியிலும் பின்தங்க நேருமெனில், குறை செல்வத்தில் இல்லை, அதைச் செலவிடும் முறையில் உள்ளது. இலங்கையின் இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் ஈட்டித்தந்த மதிப்பை உற்பத்திக் கணக்கு கண்டதில்லை; புதிய கணக்கு கண்டது.

பாதுகாப்பு என்னும் சொல்லுக்கும் அவர் பொருள் விரித்தார். நாட்டின் எல்லைக்கு மட்டுமன்றி, மனிதரின் உணவுக்கும் உடல்நலத்துக்கும் வேலைக்கும் உரியது பாதுகாப்பு என்றது 1994ஆம் ஆண்டு அறிக்கை. தெற்காசியா ஆயுதங்களில் கொட்டும் பணத்தைப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் திருப்ப வேண்டும் என்று இறுதிவரை வலியுறுத்தினார். 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுச் சோதனை நடத்தின. இரண்டு மாதங்கள் கழிந்து, ஜூலை 16 அன்று நியூயார்க்கில் அவர் காலமானார். அப்போது வயது 64. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருடைய இல்லறத்தைக் குறிப்பிடாது இவ்வரலாறு நிறைவு பெறாது. துணைவியார் கதீஜா ஹக் தாமும் பொருளியலறிஞர். 1995இல் இஸ்லாமாபாத்தில் தொடங்கிய மனித மேம்பாட்டு மையம் கணவன் மனைவி இருவரின் கூட்டு முயற்சி. தெற்காசியா குறித்த அதன் முதல் அறிக்கை 1997இல் வந்தது. கணவரின் மறைவுக்குப் பின் அம்மையாரே மையத்தை ஏற்று நடத்தினார். 2008இல் கணவரின் அறிவுலக வாழ்வை விளக்கும் நூலொன்றையும் இணைந்து பதிப்பித்தார். மகன் பர்ஹான் ஹக், ஐக்கிய நாடுகள் தலைமைச் செயலாளரின் துணைப் பேச்சாளராகப் பணியாற்றியவர். தந்தை உலகத்துக்கு அறிவித்த கருத்தைத் தம் வீட்டாருக்கும் உரியதாக்கினார் என்பதற்கு இவையே சாட்சி.

அவர் வகுத்த அளவுகோலின்படி, 2025ஆம் ஆண்டு அறிக்கையிலும் பாகிஸ்தான் தாழ்ந்த மனித மேம்பாடுடைய நாடுகளின் பிரிவிலேயே உள்ளது. அளவுகோல் பிழையன்று, அளக்கப்பட்டோர் செவிசாய்க்கவில்லை. நம் ஊர் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஆண்டுக் கணக்கை வாசிக்கும்போது, வரவும் இருப்பும் எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடுகின்றன. அத்தொகையால் எத்தனை பிள்ளைகள் கல்லூரி சென்றனர், எத்தனை நோயாளிகள் நலம் பெற்றனர், எத்தனை கைம்பெண்கள் பிறர் கையை எதிர்பாராத நிலை எய்தினர் என்று இன்னொரு பத்தியையும் அக்கணக்கில் சேர்ப்போமாயின், மஹ்பூபுல் ஹக்கை நாம் நினைவுகூர்ந்தவர்களாவோம்.