பத்து ரூபாய் கைமாறும் வழி

நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி. இந்த நான்கு ஊர் அச்சகங்களில் ஏதோ ஒன்றில்தான் நாம் டிப்ஸாகத் தரும் பத்து ரூபாய்த் தாள் பிறந்திருக்கும். 2018 ஜனவரியில் அறிமுகமான சாக்லேட் பழுப்புத் தாள் என்றால் பின்பக்கத்தில் கோனார்க் சூரியக் கோயிலின் சக்கரம் இருக்கும். வங்கி வழியாகப் பெரம்பலூர் வந்து, ஒரு சட்டைப் பைக்குள் போகிறது.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் அது டிப்ஸ் ஆகிறது. பில்லோடு சோம்பு வைத்த தட்டில் அதைப் போட்டுவிட்டு எழுகிறோம். சாப்பிட்ட தொகையில் இத்தனை சதவீதம் என்று இங்கே யாரும் கணக்குப் போடுவதில்லை. சர்வர் கேட்காமலே ரசம் ஊற்றினாரா, குழந்தை கொட்டிய தண்ணீரை முகம் சுளிக்காமல் துடைத்தாரா என்றுதான் மனம் பார்க்கிறது. எனக்கு இந்தக் கணக்கே சரியென்று படுகிறது. கடைக்காரர் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. கொடுப்பது நம் விருப்பம்.

அங்கிருந்து அரியலூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதித் தருவார். அது டிப்ஸ் இல்லை, நமக்கு வர வேண்டிய காசு. கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

சாப்பாட்டுக் கடையில் டிப்ஸாகப் போன தாள் சர்வரின் வீட்டில் கேஸ் சிலிண்டர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும். எரிவாயு 14.2 கிலோ; இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி பில்லிலேயே அடங்கியிருக்கிறது. நாமே குடோனுக்குப் போய் எடுத்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். ஆகவே பில்லுக்கு மேல் தர வேண்டிய கடமை இல்லை. ஆனால் வெயிலில் தோளில் தூக்கி மூன்று மாடி ஏறி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. நான் மாடிக்குப் பத்து என்று வைத்துக்கொள்வேன். "ஐம்பது குடுத்தாத்தான் இறக்குவேன்" என்று வாசலிலேயே பேரம் பேசினால் அது டிப்ஸ் இல்லை. ஏஜென்சியில் புகார் சொல்ல வேண்டிய விஷயம்.

சிமெண்ட் ஆலைகளின் ஊரான அரியலூரில் வீடு கட்டுபவர்கள் இந்தத் தாளை லோடுமேன் கையில் பார்க்கலாம். ஒரு மூட்டை 50 கிலோ. பேசிய கூலி போக, டீ செலவுக்கென்று தருவதை ஆளுக்குத் தனித்தனியாகத் தருவது நல்லது. மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்தால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

அரசு மருத்துவமனையில் மட்டும் இந்தத் தாள் கைமாறவே கூடாது. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கும் பிறந்த குழந்தையைக் காட்டுவதற்கும் பணம் கேட்பது லஞ்சம். ஏழைகள் கடன் வாங்கிக் கொடுக்கும் இடம் அது. வசதியுள்ளவர் சந்தோஷத்துக்குக் கொடுப்பதுதான் அடுத்த படுக்கைக்காரருக்குக் கட்டாயமாகிறது.

இப்போது சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் க்யூஆர் அட்டை இருக்கிறது. அதில் கூடுதலாகப் போடும் பத்து ரூபாய் முதலாளியின் கணக்குக்குத்தான் போகும். நாணயமாகவும் வேண்டாம்; 14 வடிவப் பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியும், பல கடைகளில் வாங்க மறுக்கிறார்கள். வாங்கியவர் அதை மாற்ற அலைய வேண்டும். அதனால் கிளம்பும்போதே இரண்டு மூன்று பத்து ரூபாய்த் தாள்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறேன்.