ஆதிரையின் பிச்சையும் பெங்களூரின் பாத்திரங்களும்

முன்னுரை

பசிப்பிணி தீர்த்தலைத் தலையாய அறமாகப் போற்றும் காப்பியம் மணிமேகலை. மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் மணிமேகலை பெற்ற அமுதசுரபியில் முதற்கண் பிச்சையிட்டவள் ஆதிரை. அவள் சாதுவன் என்னும் வணிகனின் மனைவி. பின்னர்ச் சோழ மன்னனின் இசைவால் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. வணிகர் இல்லத்துக் கொடையும் அரசின் இசைவும் இணைந்த இவ்வறத்தின் தொடர்ச்சியைப் பெங்களூர் நகர வரலாற்றில் காண இக்கட்டுரை முற்படுகிறது.

வணிகர் அறமும் பஞ்சமும்

ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் தம் சரக்கின்மேல் பட்டணப்பகுதி என்னும் பங்கினை விதித்து அறங்களுக்கு அளித்தமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பிற்கால மகமையும் இவ்வழிப்பட்டதே. பெங்களூரில் வாழ்ந்த தமிழ் வணிகர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் பள்ளி நிறுவியமை இம்மரபின் ஒரு கிளையாகும்.

எனினும் 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் தனிக்கொடையின் எல்லையை உணர்த்திற்று. 1871இல் 50,55,412 ஆக இருந்த மைசூர் நாட்டு மக்கள்தொகை, 1881இல் 41,86,188 ஆகக் குறைந்தது. ஈகை உள்ளம் எத்துணைப் பெரிதாயினும், அரசின் கடமைக்கு அஃது ஈடாகாது என்பது இதனால் பெறப்படும்.

அட்சய பாத்திரம்

2000ஆம் ஆண்டில் பெங்களூரில் 5 பள்ளிகளைச் சார்ந்த 1,500 மாணவர்களுக்கு உணவளிக்கத் தொடங்கிய அமைப்பு, பாரதத்தில் தருமன் கதிரவனிடம் பெற்ற அட்சய பாத்திரத்தின் பெயரைத் தாங்கியது. சமைத்த உணவைப் பள்ளிகளில் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 28.11.2001இல் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அதன்பின் இவ்வமைப்பு அரசுத் திட்டத்தின் பங்காளியாயிற்று. தானியமும் சமையற் செலவின் ஒரு பகுதியும் அரசுடையன. எஞ்சியதை நிறுவனங்களும் தனியாரும் நல்குகின்றனர்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. உணவின் இயல்பை முடிவு செய்பவர் இடுபவரா, உண்பவரா? வெங்காயம், பூண்டு, முட்டை ஆகியவற்றை இவ்வமைப்பு தவிர்ப்பது குறித்து 2018-19இல் கருநாடகத்தில் கருத்து மோதல் நிகழ்ந்தது. சமய நெறிப்படி சமைப்பது கொடுப்போரின் உரிமை என்றனர் ஒரு சாரார். பொதுப்பணத்தில் நடைபெறும் திட்டத்தில் பிள்ளைகளின் ஊட்டமும் உணவுப் பழக்கமுமே அளவுகோல் என்றனர் மற்றொரு சாரார்.

2024இல் பெங்களூரைச் சார்ந்த அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை வேறொரு வழியைக் காட்டியது. வாரம் இருமுறை அரசு வழங்கிய முட்டையை ஆறு நாளும் வழங்க, மூன்றாண்டுகளுக்கு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் தர அஃது உடன்பட்டது. முட்டை உண்ணாதார்க்கு அப்போது வாழைப்பழமோ கடலைமிட்டாயோ வழங்கப்பட்டது. இங்குக் கொடை, உண்பவரின் தேர்வுக்கு இடமளிக்கின்றது.

முடிவுரை

அமுதசுரபியால் முதலில் பசி நீங்கியவள், யானைத்தீ நோயுற்ற காயசண்டிகை. ஆதிரை இட்ட சோறு அவளது தேவையை நோக்கியே சென்றது. வணிகர் கொடை பாத்திரத்தைத் தொடங்கி வைக்கும். அரசு அதனை வற்றாமற் காக்கும். உண்பவரின் தேவை அதன் அளவைக் குறிக்கும். பள்ளிப் பிள்ளைக்கு இடும் சோறு இரக்கத்தால் இடப்படும் பிச்சையன்று, அப்பிள்ளையின் உரிமை. இத்தெளிவோடு வழங்கப்பெறும் கொடையே காப்பியம் காட்டும் அறத்திற்கு அணித்தாகும் எனலாம்.